எழுத்துத் தேர்வு கிடையாது

நாட்டுப்பற்றால்தான் என்.சி.சி.யில் சேர்ந்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக் கிழங்கைச் சொல்ல அதில் இடம் விடவில்லை.

கல்லூரி கடைசி வருடம் படிக்கும்போதே ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வு கிடையாது, நேரே ராணுவத் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்காணல்தான். தேறினால் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 49 வாரப் பயிற்சி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

‘தேர்வு கிடையாது’ என்பதில் நான் விழுந்தேன். அப்பா 56,100-ல் விழுந்தார். தாம்பரத்துக்காரியான அம்மாவுக்குப் பரங்கிமலை போதும். “சீசன் டிக்கெட் எடுத்துட்டா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாமே!” சித்தப்பா மட்டும் மிலிட்டரி கேன்டீனில் யாருக்கெல்லாம் சரக்கு தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எஸ்.எஸ்.பி. நடந்த பெங்களூரில் முதல் நாளே வடிகட்டல். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும். எனக்கு இரண்டு பேர் டீக்கடை வாசலில் நிற்பதாகத் தெரிந்தது. ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, கடைக்காரரின் கடன் பிரச்சினையையும் தீர்த்துவைத்தேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் கோச்சிங் சென்டரில் படித்துத் தேறியவர்கள். அவர்களுக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும் ரத்ததான முகாம்தான். ஒருவர் அதே படத்தில் வெள்ளத்தை வரவழைத்து, ஊரையே படகில் ஏற்றிவிட்டார். டீக்கடையும் அதில் போயிற்று.

பிறகு எல்லோரும் பேசி ஒரே கதைக்கு ஒத்துவர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் இந்தக் கட்டத்துக்கு எஸ்.எஸ்.பி. வட்டாரத்தில் மீன் மார்க்கெட் என்றே பெயர். “நண்பர்களே, ஒருமித்த கருத்துக்கு வருவோம்” என்று ஏழெட்டுப் பேர் தனித்தனியாகக் கத்தினோம். ஒருமித்த கருத்து என்றால் அவரவர் கதை. அதிகாரிகள் சத்தமில்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த அறையில் ராணுவ ஒழுங்கோடு இருந்தவர்கள் அவர்கள்தான்.

தேறியவர்களின் செஸ்ட் நம்பரை அன்றே வாசித்தார்கள். என் எண் வரவில்லை. ரத்ததானக்காரர் ஒருவரும் நானும் ஒன்றாகவே பெட்டியைக் கட்டினோம். வெள்ளத்தைக் கொண்டுவந்தவர் தங்கிவிட்டார்.

போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: முதல் தடவை போகிறவர்களுக்கு, தேறாவிட்டாலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் தருகிறார்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.