மாப்பிள்ளை இளைக்கத் தூண் பெருத்தல்: ஓர் ஆய்வு

பல்லவர் காலத் தூணை அதன் அடியில் அமர்ந்திருக்கும் சிங்கத்தைக் கொண்டும், நாயக்கர் காலத் தூணை அதில் எழுந்து நிற்கும் யாளியைக் கொண்டும் அடையாளம் காண்பது தமிழகக் கட்டடக்கலை ஆய்வில் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். எனினும் இந்த நூற்றாண்டில் தோன்றிய ஒரு தூண் வகை இன்றுவரை எந்த வகைப்பாட்டிலும் இடம்பெறவில்லை. தரையிலிருந்து நேராக எழுந்து, மணமகனின் இடுப்பு உயரத்தை அடைந்ததும் அவர் இருக்கும் பக்கமாகப் புடைத்து, அவருடைய மார்பைக் கடந்தபின் மறுபடியும் நேராகிவிடும் இத்தூண், எந்தத் திருமண மண்டபத்திலும் நேரில் காணக் கிடைப்பதில்லை. கரிஷ்மா எனப்படும் திருமணப் புகைப்பட ஆல்பத்தின் பளபளக்கும் பக்கங்களில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே இதனை ‘ஆல்பத் தூண்’ என்றே இக்கட்டுரை வழங்கும்.

இத்தூணைப் படைத்த உளி, 1990-இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளில், 2000-ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட லிக்விஃபை என்னும் வசதியாகும். இது படத்தின்மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்ட வலையை விரித்து, தூரிகை இழுக்கும் திசையில் வலையின் முடிச்சுகளை நகர்த்தி, நகர்ந்த முடிச்சுகளுக்கு ஏற்பப் படத்தின் புள்ளிகளை, அதாவது பிக்சல்களை, மறுபடி நிரப்புகிறது. தள்ளுவதற்கு ஃபார்வர்ட் வார்ப், குறுக்குவதற்குப் பக்கர், உப்பவைப்பதற்கு புளோட், செய்ததைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுவதற்கு ரீகன்ஸ்ட்ரக்ட் எனக் கருவிகள் பல இருப்பினும், திருமண ஆல்பத்தில் பெரும்பணி புரிவது முதலாவதே.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது யாதெனில், இக்கருவி எதையும் வெட்டி எறிவதில்லை. வயிற்றின் விளிம்பை உள்ளே தள்ளும்போது வயிற்றுக்குரிய புள்ளிகள் நெருக்கப்படுகின்றன. அவை விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்க இயலாதாகையால், பின்னால் இருக்கும் பொருள் நீட்டி இழுக்கப்பட்டு அதை நிரப்புகிறது. மாப்பிள்ளை எத்தனை அங்குலம் இளைக்கிறாரோ அத்தனை அங்குலம் தூண் பெருக்கிறது. இதனைப் ‘பருமன் அழியா விதி’ எனலாம். பின்னால் இருப்பது தூணாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. மாப்பிள்ளை அழைப்பின்போது அருகே நின்று வாசித்தவரின் நாதஸ்வரம், இவ்விதியின்படி வளைந்து கொம்பு வாத்தியமாக மாறிவிடுவதும் உண்டு. இசை வரலாற்றாசிரியர்கள் ஆல்பங்களைச் சான்றாகக் கொள்ளுமுன் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

இந்நுட்பத்துக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த உலகப்படம், துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பை உப்பவைத்தமையால், ஆப்பிரிக்கா பரப்பில் ஏறக்குறைய 14 மடங்கு பெரியதாயிருந்தும் கிரீன்லாந்து அதற்கு நிகராகத் தோன்றுகிறது. ஆயினும் மாலுமி திசைகாட்டியைப் பிடித்துச் செல்லும் வழி நேர்க்கோடாகவே இருக்க வேண்டுமென்பதில் அவர் உறுதியாக இருந்தார். இந்த ஒழுக்கம் ஆல்பம் வடிவமைப்பாளர்களுக்கு வாய்க்கவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டியுள்ளது. ஸ்காட்லாந்து உயிரியலாளர் டார்சி தாம்சன், 1917-இல் வெளியிட்ட நூலில், முள்ளம்பன்றி மீனைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டங்களை மட்டும் வளைத்து, அதனைச் சூரியமீனின் உருவமாக மாற்றிக் காட்டினார். அவர் மீனைவிடக் கட்டங்களையே உற்றுநோக்கினார் என்பது இங்கு முக்கியம். ஏனெனில் தமிழ்த் திருமணத்தில் இக்கட்டத்தாளின் பணியைச் செய்பவர் ஒருவர் உண்டு: பாலும் பழமும் கட்டம் போட்ட சேலை உடுத்தி மாப்பிள்ளையை ஒட்டி நிற்கும் அத்தை. வெற்றுப் புடவை எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. கட்டம் போட்ட சேலையோ எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு தள்ளப்பட்டது என்பதை ஒவ்வொரு கட்டத்தின் கோணலிலும் எழுதிவைத்துவிடுகிறது.

இதனைத் தடுக்க ஃப்ரீஸ் மாஸ்க் என்னும் கருவி உண்டு. அசையக் கூடாத பகுதியைச் சிவப்பாகப் பூசிவிட்டால் அது உறைந்து நிற்கும். அத்தையைக் காக்க இது போதும்; வயிற்றை உரசி நிற்கும் தூணைக் காக்க இது உதவாது, ஏனெனில் காலியாகும் இடத்தை நிரப்ப அத்தூணை விட்டால் வேறு கதியில்லை. மணமகனைத் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, பிரித்து, அவருக்குப் பின்னால் தூணைப் புதிதாகக் கட்டியெழுப்புவதே முறையான வழி. தையிலும் வைகாசியிலும் முகூர்த்தங்கள் குவியும்போது, யாரும் கூலி தராத இந்தக் கொத்து வேலைக்கு எவருக்கும் நேரமிருப்பதில்லை. 2016-இல் முகத்தைத் தானே கண்டறியும் வசதியும் சேர்ந்தபின், கண், மூக்கு, தாடை ஆகியவற்றோடு புன்னகைக்கும் தனியே ஓர் இழுவைக் கோடு அமைந்துவிட்டது. வரவேற்பு வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவரின் உதட்டோரங்கள் இதனால் உயர்கின்றன, கண்கள் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பிரான்சில் 2017 முதலும் நார்வேயில் 2022 முதலும், விளம்பரங்களில் உடலமைப்பு திருத்தப்பட்டிருந்தால் அதனைக் குறிப்பிட வேண்டுமெனச் சட்டம் உள்ளது. திருமண ஆல்பத்துக்கு அத்தகைய சட்டம் தேவையில்லை என்பதே இவ்வாய்வின் துணிபு. ஆல்பத்தைப் புரட்டுவோர் அனைவரும் மாப்பிள்ளையை நேரில் பார்த்தவர்களே, பந்தியில் அவர் பக்கத்தில் அமர்ந்து உண்டவர்களும் அவர்களுள் உண்டு. ஆகவே மணவீட்டாருக்கு விடுக்கக்கூடிய வேண்டுகோள் எளியது: மாப்பிள்ளையை வெற்றுத் திரைக்கு முன் நிறுத்துங்கள், அத்தையை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டால், தொந்தியை அப்படியே விட்டுவிடுங்கள்.