தொட்டிக்காரர்

கடல் மீன் வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் சென்னையின் பெரிய அடுக்ககம் எதில் தேடினாலும் கிடைப்பார். அவர் வளர்ப்பது மீன் அல்ல என்பது வீட்டுக்குள் காலை வைத்ததுமே தெரிந்துவிடும். கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதன் முன்னால் ஒரு முக்காலி. முக்காலிமேல் அவர், தோள்பட்டைவரை ஈரம், கையில் பல் துலக்கும் பிரஷ். மீன் எங்கே சார் என்று கேட்டால், "அங்கதான் எங்கயாவது இருக்கும்" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். பாசி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எந்த மூலை, என்ன நிறம், நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு நீளம் என்று காபி ஆறும்வரை பதில் வரும்.

நல்ல தண்ணீரில் மீன் வளர்ப்பவர்களை இவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. கொளத்தூரில் கடை கடையாக விற்கிற கப்பியும் தங்கமீனும் குழந்தைகள் சமாச்சாரம். "குழாயைத் திறந்துவிட்டா வளரும். அதுல என்ன இருக்கு?" இவருடைய தொட்டிக்குத் தண்ணீர் தயாராக அரை நாள் ஆகும். முதலில் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை வடிகட்ட வேண்டும். (குடும்பம் குடிப்பது கேன் தண்ணீர். அதில் அந்த மீட்டரை யாரும் முக்கிப் பார்த்ததில்லை.) பிறகு உப்பு. வங்கக் கடல் ஆட்டோ தூரத்தில்தானே இருக்கிறது, இரண்டு கேன் மொண்டு வந்தால் ஆகாதா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. கூவமும் அடையாறும் கரையோரத் தண்ணீரில் என்னென்ன கொண்டுவந்து சேர்க்கின்றன என்று வகுப்பு நடக்கும். அதில் நியாயம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நடந்துபோய் உப்பு அள்ளிய நாட்டில், ஜெர்மனியிலிருந்து வாளியில் வந்த உப்பை லிட்டருக்கு 35 கிராம் என்று ஒருவர் தராசில் நிறுத்துப் போடுவதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

இத்தனை சுத்தத்துக்கு நடுவில் பாசி எப்படி வருகிறது? எல்லாம் சாப்பாட்டால்தான். மீன் தின்றது, தின்னாமல் விட்டது, தின்று கழித்தது அத்தனையும் கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் கரைந்து நிற்கும். மேலே பளீரென்று எல்.இ.டி. விளக்கு. உரமும் வெளிச்சமும் இருந்தால் எது முளைக்குமோ அது முளைக்கிறது. போதாக்குறைக்குப் பாறை வேறு. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பதால், உயிருள்ள பவளத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே பீங்கானில் செய்த மொட்டைப் பாறை. அதன் தலையில் முதலில் மயிர் முளைப்பது பாசியால்தான்.

வாரம் தவறாமல் சோதனை நடக்கும். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து, ஒரு சிட்டிகை பொடி, ஐந்து நிமிஷத்தில் நீலம் பூக்கும். அட்டையில் அச்சடித்த நீலங்களோடு ஒப்பிட்டு, பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமா, 0.1-ஆ என்று சொல்ல வேண்டும். தொட்டிக்காரருக்கு எல்லா நீலமும் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருக்கு மனைவியின் தயவு வேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்: "இது எம்.எஸ். புளூவுக்கு ரெண்டு படி கம்மிங்க. ஆனா போன வாரத்தைவிட ஜாஸ்தி." காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

போன வாரத்தைவிட ஜாஸ்தி என்றால் யாரோ களவாகத் தீனி போடுகிறார்கள் என்று அர்த்தம். விசாரணை வேலைக்காரம்மாவில் தொடங்கி, மகனைத் தொட்டு, அம்மாவிடம் வந்து நிற்கும்.

"பாவம்டா, என்னைப் பார்த்துப் பார்த்து வாயைத் திறக்குது. அமாவாசையும் அதுவுமா ரெண்டு பருக்கை போட்டேன்."

"அது பசி இல்லம்மா, மூச்சு விடுது."

"பசிச்சவன் விடற மூச்சுதான் அது."

இதற்கு எந்த அறிவியலிலும் பதில் இல்லை. அடுத்த அமாவாசைக்குப் பிஸ்கட் போடப்படும்.

பாசிகளும் ஒன்றாக வருவதில்லை, முறைவைத்து வரும். புதுத் தொட்டியில் முதலில் டயாட்டம் என்கிற பழுப்புத் தூள். சிலிக்கேட் தீர்ந்ததும் அது தானாகப் போய்விடும். தொட்டிக்காரர் தன் கைவண்ணம் என்று நினைத்துக்கொள்வார். அடுத்தது பச்சை முடிப்பாசி. அதைப் பிடுங்கி முடிப்பதற்குள் மணல்மேல் சிவப்புச் சவ்வு படியும். அதைப் பாசி என்று சொல்லிவிடாதீர்கள். "பாக்டீரியா சார் அது, சயனோபாக்டீரியா" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருத்துவார். வாஸ்தவம். சுமார் 240 கோடி வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் ஏறியது அந்த வம்சத்தாரால்தான். அவர்கள் கொடுத்த மூச்சை இழுத்துக்கொண்டு இவர் அவர்களையே பிரஷ்ஷால் தேய்க்கிறார்.

கடைக்காரரிடம் யோசனை கேட்டால், "நத்தை போடுங்க சார், மேஞ்சுரும்" என்பார். மேயும்தான். ஆனால் டர்போ நத்தை கண்ணாடியிலிருந்து வழுக்கி மல்லாக்க விழுந்தால் சுலபத்தில் புரண்டு எழாது. அப்படியே செத்தால் அழுகி, அதுவே பாஸ்பேட்டாகிவிடும். ஆகவே நள்ளிரவில் டார்ச்சோடு எழுந்து, விழுந்த நத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திவிட்டுப் படுக்கிறார். பக்கத்துக் கட்டிலில் குழந்தை போர்வையை உதறிவிட்டுக் கிடப்பதைக் கவனிக்க அந்த டார்ச்சுக்கு நேரம் இருப்பதில்லை.

நத்தைக்கு அடுத்து மஞ்சள் நிறத்தில் ஒரு முயல்மீன். முழுநேரப் பாசி தின்னி, விலை அதிகம். ராமநாதபுரத்திலிருந்து வந்த மனைவியின் தாய்மாமன் தொட்டிமுன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஏன் மாப்ளை, இது நம்ம ஓரா மீன் சாதியில்ல? முள்ளு குத்துனா கடுத்து எடுத்துருமே. ஆனா குழம்புக்கு நல்லாருக்கும்." பிறகு பிரஷ்ஷையும் வாளியில் கிடந்த பச்சைக் குப்பையையும் பார்த்தார். "எங்க பக்கம் பொம்பளைக விரல்ல துணியச் சுத்திக்கிட்டுக் கடலுக்குள்ள முங்கிப் பாசி எடுத்து விக்கிறாக. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசின்னு காசு குடுத்து வாங்கிட்டுப் போறான். நீங்க காசு குடுத்து எடுக்கிறீகளா?" தொட்டிக்காரர் இதற்குப் பதில் சொல்லாமல் பம்ப்பைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

நத்தையும் மீனும் தோற்ற பிறகு இருட்டடிப்பு. மூன்று நாள் வெளிச்சமே படாமல் வைத்தால் சிவப்புச் சவ்வு ஒடுங்கும். வீட்டில் கிடைத்த ஒரே கனமான கறுப்புத் துணி, சபரிமலைக்குக் கட்டிய வேட்டிகள். தொட்டி முழுக்க அவற்றைச் சுற்றி, தீனியையும் நிறுத்தினார். மாலை போட்ட சாமி மாதிரி கறுப்பு உடுத்தி விரதமிருந்த தொட்டியைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் சன்னமாகச் சரணம் சொல்லிவிட்டுப் போனாராம். இது மனைவி சொன்னது. அவருக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு.

பிறகு வந்தது பிரயாப்சிஸ் என்கிற பாசி. சின்னச் சின்ன இறகாக விரியும், அழகாகக்கூட இருக்கும். பிடுங்கினால் வேர் பாறையிலேயே நிற்கும், பாசி தின்னிகளில் பெரும்பாலானவை அதைத் தின்னா. அதற்கு உலகெங்கும் தொட்டிக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் மருந்து ஃப்ளூக்கனசோல். மனிதருக்குப் பூஞ்சைத் தொற்று வந்தால் கொடுக்கிற அதே மாத்திரை. கேலனுக்கு 20 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார்.

"படர்தாமரையா சார்? டாக்டர் சீட்டு இருக்கா? 150 எம்.ஜி. வாரத்துக்கு ஒண்ணு போடச் சொல்வாங்க."

"ஒன்பது வேணும். எல்லாம் ஒரே வேளைக்கு."

கடைக்காரர் கவுன்ட்டரைவிட்டு ஒரு அடி பின்வாங்கினார். "பேஷன்ட் என்ன வெயிட் சார்?"

"இருநூத்தம்பது லிட்டர்."

மாத்திரை எப்படியோ கிடைத்தது. பிரயாப்சிஸ் போனது. கூடவே இரும்பு ஆக்சைடு மணிகளைப் போட்டுப் பாஸ்பேட்டை உறிஞ்சினார், நுரைபிரிப்பானை ராத்திரி பகலாக ஓட்டினார், தீனியைக் குறைத்தார். ஒருநாள் குப்பியில் நீலமே வரவில்லை. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார் என்று கேள்வி.

அந்த வெற்றியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் வந்தது. குமிழி கோத்த பழுப்புச் சளி. விளக்கை அணைத்தால் மறையும், போட்டால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப வந்து நிற்கும். சில வகை நத்தையையே கொல்லும். மற்ற பாசிகள் சத்துக்காகச் சண்டை போடும் தண்ணீரில் இது தலைதூக்காது. அவை பட்டினியில் செத்துக் களம் காலியாகிற தொட்டிதான் இதற்கு வாகானது. அதாவது தண்ணீர் அளவுக்குமேல் சுத்தமாகிவிட்டது. பரிகாரம்? நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மறுபடி ஏற்ற வேண்டும். எடுப்பதற்குச் செலவழித்தவர் இப்போது போடுவதற்காகப் பொட்டாசியம் நைட்ரேட் வாங்குகிறார். மீனுக்குத் தீனியும் இரண்டு பங்கு.

அம்மா சோபாவில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நான் ரெண்டு பருக்கை போட்டதுக்குக் குதிச்சான். இப்ப அவனே கடையில வாங்கிக் கொட்டறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். தீனி போடும் பொறுப்பு இப்போது அதிகாரபூர்வமாக அவர் கையில் இருக்கிறது.

தொட்டிக்காரர் மனம் தளர்ந்துவிடவில்லை. தொட்டி சின்னது என்பதுதான் கோளாறாம். தண்ணீர் அதிகமிருந்தால் எந்த மாற்றமும் மெல்லத்தான் நடக்கும், சமாளிக்க அவகாசம் கிடைக்கும் என்கிறார், அதுவும் உண்மைதான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று வரைபடம் போட்டாயிற்று. தண்ணீர் மட்டும் 680 லிட்டர். கண்ணாடி, பாறை, மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டன். தளம் தாங்குமா என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. மனிதர் இப்போதெல்லாம் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் டி.வி. பார்க்கிறார்.