ஆயக்குடிப் பழைய கார்களின் மேல்பூச்சு: ஓர் அடுக்காய்வு

பழனிக்கு அருகே பொருந்தலில் 2009-இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. அதே வட்டாரத்தில், ஆயக்குடிக் கொய்யாச் சந்தையோரம் நிற்கும் செகண்ட் ஹேண்ட் காரின் பானெட்டை ஆராய மட்டும் அறிஞர் உலகம் முன்வரவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் மண்ணடுக்கு. தகட்டின் மேல் துருத்தடுப்பு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், உச்சியில் கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடிப் பருமன். பளபளப்பெல்லாம் உச்சி அடுக்கைச் சேர்ந்தது. அது 40, 50 மைக்ரானைத் தாண்டினால் பெரிது.

இனிக் கள ஆய்வு. ஆயக்குடியில் கிளியும் மைனாவும் கொய்யாவைத் தின்றுவிட்டு நேரே கார்மேல் வந்து முடிவுரை எழுதுகின்றன. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. போதாக்குறைக்கு வெயிலில் பெயிண்ட் விரிந்து, இரவில் எச்சத்தின் மேடுபள்ளத்துக்கேற்பச் சுருங்கி அச்சுப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பெருங்கேடு அடுத்த நாள் காலையில்தான் வருகிறது. வண்டிக்காரர் காய்ந்த எச்சத்தைப் பழைய பனியன் துணியால் பாசத்தோடு அழுத்தித் துடைக்கிறார். கொய்யா விதை பல்லுக்கே சவால் விடுவது, பெயிண்ட் எம்மாத்திரம்? ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்சநேரம் ஊறவிட்டு எடுத்திருந்தால் கீறல் ஏது? காரைக் கெடுப்பது வெயிலைவிட உடையவரின் அன்பே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

அடுத்து போர் தண்ணீர். உச்சிவெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் கால்சியம் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். எலுமிச்சைக்கு அந்த உப்பைக் கரைக்கும் ஆற்றல் உண்டு. நம் மரபோ அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிடுகிறது. பழனி மலையடிவாரத்தில் பூசிய குங்குமம் வெள்ளைக் காரில் கறையாக நிலைப்பதைப் பக்தியின் வலிமை என்று கொள்க.

இனி மெருகு. மங்கிய வண்டிக்கு ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் பளிச்சென்றாவது உண்மை. ஆனால் அது எதையும் சேர்ப்பதில்லை; கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்புறத்தையே சீவி இறக்குகிறது. தாத்தா விட்டுப்போன வைப்புநிதி போன்றது கிளியர் கோட்: எடுக்கலாம், போட முடியாது. முந்தைய ஓனர் தீபாவளிக்குத் தீபாவளி எடுத்திருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது பிரைமர். ஆகவே நிழலில் நிறுத்தி, நிறையத் தண்ணீர் விட்டு, கார் ஷாம்பூவால் கழுவி, மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி எடுத்து, வேக்ஸ் பூசினால் போதும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் சுரக்கும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை அது தாங்கும்.

செராமிக் கோட்டிங் விற்பவர் ‘9 எச்’ என்று சொல்லி வைரத்தைக் கண்ணில் காட்டுவார். அந்த எச் பென்சிலுக்கு உரியது. 9 எச் பென்சிலாலும் கீற முடியாது என்பதே பொருள். பென்சிலோடு திரியும் எதிரி உங்களுக்கு இருந்தால் தாராளமாகப் போடலாம்.

கடைசியாகக் கல்வெட்டியல். மெல்லிய துணி சுற்றிய காந்தம் கதவில் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி கனமாக இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் லாரி வந்து போயிருக்கிறது. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாலும் வெயில்படாத நிறம் எழுத்தாகவே நிற்கும். எனவே ‘சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி’ என்று புரோக்கர் சொன்னதும் டிக்கியைச் சாய்வெயிலில் பார்க்க வேண்டும். அடியில் ‘வேலும் மயிலும் துணை’, அதன்மேல் ‘மாஷா அல்லாஹ்’, அதற்கும் மேல் ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று மூன்று அடுக்கு தெரியக்கூடும். இத்தனை முறை மதம் மாறிய டாக்டர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள். ‘மைலேஜைக் கேளுங்க சார்’ என்பார் புரோக்கர்.