மார்கழிக் கோழிக்காரர்

மார்கழிக் கோழிக்காரர் என்பவர் சென்னையை அடுத்த ஒரகடம் வட்டாரத்தில் கார்த்திகையில் வெளிப்பட்டுத் தை கடைசியில் மறைகிற மனித வகை. வல்லம், மாத்தூர், எழிச்சூர் பக்கம், கொல்லைப்புறம் இன்னும் மனை போடப்படாத வீடுகளில் இவரைக் காணலாம். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் என்று ஆலைகள் வரிசையாகத் திறந்த காலத்தில் மண்வெட்டியைச் சாத்திவிட்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர். விட்ட குறை தொட்ட குறையாக மிஞ்சியவை ஏழெட்டுப் பெட்டை, ஒரு சேவல், கொஞ்சம் வாத்து.

உடையைக் கொண்டு இவரை எளிதில் அடையாளம் காணலாம். தலைக்கு மங்கி குல்லா, காலுக்கு ரப்பர் செருப்பு, இடையில் பனியனும் லுங்கியும். பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளி, அரைக்கால் சட்டையோடு பல் தேய்த்தபடி, "அண்ணா, ஃபீவரா?" என்று விசாரிப்பது வழக்கம்.

புள்ளிவிவரம் இவருக்கு எதிரானது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் நூறாண்டுக்கு முந்தைய கதை. சாதாரண மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். வளர்ந்த கோழிக்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம் என்கின்றன பாடநூல்கள். அதன் உடல் சூடு சுமார் 41 டிகிரி. மேலே இறகுப் போர்வை வேறு. ஆண்டிலேயே கோழி நிம்மதியாக இருக்கும் இரண்டு மாதங்களைத்தான் கோழிக்காரர் ஆபத்துக் காலம் என்று அறிவிக்கிறார்.

அறிவித்த அன்றே கூண்டைச் சுற்றிப் பழைய பிளக்ஸ் பேனர் ஏறும். யாரோ ஒரு வட்டச் செயலாளர் கூப்பிய கைகளோடு உள்பக்கம் பார்த்தபடி இரவெல்லாம் காவல் நிற்பார். காற்று நுழைய வழி இருக்காது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கி, விடிந்து கதவைத் திறப்பவருக்கே கண் எரியும். கோழிகள் தும்மும். "பாத்தியா, பனி புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு பேனர் தேடிக் கிளம்புவார்.

குஞ்சுக்கு மட்டும் குளிர் உண்மையிலேயே ஆகாது. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழி இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் குண்டு பல்பு, குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில். கோழிக்காரர் வாங்கி வருவதோ எல்இடி. கரண்டு மிச்சமாம். வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், சூடு இருக்காது. குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிடும். "என்னா ஒத்துமை பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். பரணிலிருந்து பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்து மாட்டுவது அந்த அம்மாள்.

முட்டை விஷயத்தில் கம்பெனிப் பழக்கம் தலைதூக்கும். கூண்டுக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் 'டார்கெட்', 'ஆக்சுவல்' என்று இரண்டு கட்டம். மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை. பெட்டை விடாமல் முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். போதாக்குறைக்கு நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பலகையில் அது 'பிரேக்டவுன்' என்று ஏறும்.

வாத்து இந்த நிர்வாகத்துக்குக் கட்டுப்படுவதே இல்லை. ஆரணி நாட்டு வாத்தானாலும் காக்கி கேம்பல் ஆனாலும் பனியைச் சட்டை செய்யாது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்வதால் தண்ணீர் ஒட்டாது. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், மேலேறும் குளிர்ந்த ரத்தத்துக்கு வழியிலேயே சூட்டைக் கொடுத்துவிடுவதால் சேற்றில் நின்றாலும் உடம்பு குளிராது. இத்தனை வசதியோடு பிறந்த பறவைக்கு இவர் சாக்கு விரிக்கிறார். அது சாக்கை மிதித்து இறங்கி, கோழியின் தண்ணீர்த் தட்டில் தலையை முக்கி உதறி, உமிப் படுக்கையைச் சேறாக்கிவிட்டு, அடுத்த தட்டைப் பார்த்து ஆடி ஆடிப் போகும்.

கோழிக்கு எமன் அந்தச் சேறுதான். ஐப்பசி மழையில் ஊறி, வாத்து உதறலில் நனைந்த உமியில் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். தேங்கிய நீரில் பிறக்கும் கொசு கோழி அம்மையைப் பரப்பும். வாத்தைத் தனியே அடைத்து, உமியை அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாத அளவுக்குக் கிளறிக் காயவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போய் இதையெல்லாம் காதால் கேட்டும் வந்திருப்பார். சான்றிதழ் லேமினேட் ஆகி ஹாலில் தொங்கும்.

தை பாதியில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் பேனர் இறங்கும், கவலை தீரும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, கத்திரி வெயிலில் வாய் பிளந்து இளைக்கப் போவது அதுதான் என்பது இவர் கணக்கில் வராது. குமாவுன் மலையூர் ஒன்றின் பெயரால் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சலும் கோடையில்தான் கொல்லை கொல்லையாகக் காலி செய்யும். அதை முந்திக்கொள்ளவே கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அன்றைக்குப் பார்த்து இவருக்கு ஓ.டி. விழும். கோழிகளைக் கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய அடைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது மனைவி. பதிவேட்டில் உரிமையாளர் என்று ஏறுவது இவர் பெயர்.