வரி மாமா

மாசி மாதத்தில், கும்பப்பூ நெல் அறுவடைக்கு முற்றித் தலைசாய்ந்து நிற்கும் சமயத்தில், கக்கத்தில் அட்டை கிழிந்த கணக்கு நோட்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு, வெயிலையும் பொருட்படுத்தாமல் உங்கள் வீட்டு நடையில் வந்து நின்று, “என்ன மக்கா, சௌக்கியந்தானா?” என்று பெற்ற தாயினும் பரிவோடு ஒருவர் விசாரிப்பாரானால், அவர் உங்கள் சௌக்கியத்தை அறியும் நோக்கத்தோடு வந்தவர் அல்லர்; பங்குனி உத்திரத்துச் சாஸ்தா வழிபாட்டுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க வந்தவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் குடும்பம் அவரை வரி மாமா என்றே அறியும்.

பூதப்பாண்டி, தாழக்குடி, தேரூர், சுசீந்திரம் என்று நாஞ்சில் நாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஏதேனும் ஒரு குளக்கரையில் சாஸ்தா வீற்றிருப்பதைக் காணலாம். அந்தச் சாஸ்தாவைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் இப்படி ஒரு மாமா அவதரித்திருப்பதும் அதே அளவுக்கு நிச்சயம். முன்னாளில் அறுவடைக்குப் பின் கையில் நாலு காசு புரளும் காலம் பார்த்து வரி பிரித்தார்கள். நெல்லைக் கண்ணால் காணாத சந்ததி பெருகிவிட்ட இந்நாளிலோ, மாமா பஞ்சாங்கத்தோடு சம்பளத் தேதியையும் சேர்த்துப் பார்த்து, மாதத்தின் முதல் வாரத்திலேயே புறப்பட்டுவிடுகிறார்.

இவருடைய பூர்வோத்தரம் சாமானியமானதன்று. சொத்து மகனுக்கன்றி மருமகனுக்குச் சேரும் மருமக்கள்வழி நடைமுறையில் இருந்த காலத்தில், குடும்பத்துச் சொத்தையெல்லாம் தம் மடியில் கட்டிக்கொண்டு, யார் எப்போது எதை உண்பது என்பது வரையில் தீர்மானித்து வந்த காரணவர் என்னும் மகா புருஷரை, அவருடைய ஐந்தாம் மனைவியே புலம்புவதாகப் பாடிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை சந்தி சிரிக்க அடித்தது தமிழுலகம் அறிந்த செய்தி. பிறகு 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று வந்த சட்டம் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்தது. நிலம் போயிற்று, பத்தாயம் போயிற்று, அதிகாரமும் போயிற்று. மிஞ்சிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்தாம் நம் வரி மாமா. காரணவரிடம் பணமும் இருந்தது, பயமுறுத்தலும் இருந்தது. இவரிடம் இரண்டும் இல்லை. ஆகையால் இவர் கைக்கொள்ளும் ஆயுதம், எதிரிலிருப்பவர் அலுத்துப்போகும் வரையில் பேசிக்கொண்டிருப்பது ஒன்றே.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மருமகன் தொலைபேசியில் தர்க்கம் செய்கிறான். “மாமா, நான் ஊருலயே இல்லியே, எனக்கு எதுக்கு வரி?”

“நீ ஊருல இல்ல மக்கா, செரிதான். தாலி கெட்டியாச்சுல்லா? தாலி கெட்டினா தலைக்கட்டு ஆயாச்சு. அதுக்குமேல நீ அமெரிக்காவுல இருந்தா எனக்கென்ன, ஆரல்வாய்மொழியில இருந்தா எனக்கென்ன?”

இந்தத் தர்க்கத்துக்கு இதுவரை எந்த மருமகனும் மறுமொழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவரும் மாமாவே. ஆனால் அதில் வரும் செய்தி அழைப்பாகாது என்பது அவர் சித்தாந்தம். வீடு தேடிப் போய், நடுவீட்டில் இருந்து, காப்பி வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை குடித்த பிற்பாடே அழைப்புப் பூர்த்தியாகும். ஒரு தென்னை எந்த வேலிக்கு உள்ளே நிற்கிறது என்ற விவகாரத்தில் பல காலமாகப் பேச்சுவார்த்தையற்றுப் போன அண்ணன் தம்பி இருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தும் வீண் பிரயத்தனத்தில் மாமா இறங்கமாட்டார். கலவறைச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஆக்குப்புரை மேற்பார்வையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிடுவார். நூற்றுக்கணக்கான பேருக்கு அவியலும் எரிசேரியும் புளிசேரியும் ஆக வேண்டிய இடத்தில், தேங்காய் வைத்திருப்பவனும் தேங்காய் வேண்டியவனும் எத்தனை நாழிகைதான் மௌனவிரதம் காக்க இயலும்? “தேங்கா போறாது” என்று தம்பி சுவரைப் பார்த்துச் சொல்ல, “எத்தன வேணுமாம்?” என்று அண்ணன் கூரையைப் பார்த்துக் கேட்க, அத்துடன் விரதபங்கம் நேர்ந்துவிடுகிறது.

உத்திரத்தன்று காலையில் முதலில் வந்து இறங்குகிறவர்கள் திருவனந்தபுரத்துப் பந்துக்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பிரதேசம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்திருந்த குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. அவர்களுடைய தமிழ் மலையாளத்தில் தோய்ந்தது. சென்னைக் குழந்தைகளின் தமிழோ ஆங்கிலத்தில் தோய்ந்தது. இரு சாராரும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் பரஸ்பரம் புன்னகை செய்துகொண்டு நிற்கையில், மாமா நடுவில் புகுந்து உறவுமுறை விளக்கத் தொடங்குவார். நரைத்த மீசையோடு நிற்கும் ஒருவரைக் கூப்பிட்டு, பலூனுக்கு அழுதுகொண்டிருக்கும் ஐந்து வயதுப் பாலகனைக் காட்டி, “இவன் உனக்குச் சித்தப்பா முறை ஆக்கும், ஓர்மை இருக்கட்டு” என்பார். நரைத்த மீசை பவ்யமாகத் தலையசைக்கும். சித்தப்பா அழுகையை நிறுத்தமாட்டார்.

பொங்கலிட்டுப் பூசை முடிந்து பந்தி தொடங்கிவிட்டால், மாமாவின் கண் மனிதரைப் பார்ப்பதில்லை, இலைகளையே பார்க்கும். பருப்பும் நெய்யும் பப்படமும் கடந்து, சாம்பாரும் ரசமும் கடந்து, அடைப்பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து அதன்மேல் பப்படத்தை நொறுக்கி உண்ணும் கட்டத்தை ஜனங்கள் அடையும்போது, வரி பாக்கிவைத்தவர் யாரேனும் இரண்டாம் முறை பிரதமன் கேட்டுவிட்டால், மாமாவே வாளியை வாங்கிக்கொண்டு வந்து, மிகத் தாராளமாக ஊற்றி, “நல்லாச் சாப்பிடுங்கோ அத்தான், கணக்கு பைய பாக்கலாம்” என்பார். அந்த வாசகத்தின் பிற்பகுதி மட்டும் பந்தி முழுவதற்கும் கேட்கும்.

ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பதார்த்தம் பழுதாகிவிடும். ஒரு வருஷம் இஞ்சிப் பச்சடியில் உப்பில்லை. ஒரு வருஷம் கடைசிப் பந்திக்குப் போளி எட்டவில்லை. மாலையில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தைத் தட்டிச் சுருதி சேர்ப்பதற்குள், மூத்த மயினியும் இளைய மயினியும், தென்னைக்குச் சண்டையிட்ட சகோதரரும், திருவனந்தபுரமும் சென்னையும், வட்டமாக உட்கார்ந்து, “இந்த மனுசனுக்கு ஒண்ணும் ஒழுங்காச் செய்யத் தெரியாது” என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லுவார்கள். குடும்பம் வேறெந்த விஷயத்திலும் இவ்வளவு ஐகமத்தியத்தோடு இருந்து நான் கண்டதில்லை. அந்தப் பழுது தற்செயலானதுதானா என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. பச்சடிக்கு உப்புப் போட வந்த தவசிப்பிள்ளையை மாமா கையமர்த்தி நிறுத்தியதாக ஒரு வதந்தியும் உண்டு.

சென்ற உத்திரத்தின்போது, படித்த வாலிபன் ஒருவன் எழுந்து, இனிமேல் இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம், கன்னியாகுமரியில் ஒரு விடுதியை அமர்த்தி, ஏற்பாட்டையெல்லாம் ஒரு கம்பெனியிடம் விட்டுவிடலாம் என்று பிரேரணை செய்தான். கரகோஷம் எழுந்தது. மாமாவும் கை தட்டினார்.

“நல்ல காரியந்தான் மக்கா. ஆரையாவது அழைக்க விட்டுப்போச்சுன்னா அவங்க ஆருகிட்ட சண்டைக்கு வரணும்? அந்தக் கம்பெனிக்காரன் நம்பரை எல்லாருக்கும் குடுத்துரு. இல்லேன்னா உன் நம்பரைக் குடு.”

வாலிபன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், பிறகு உட்கார்ந்துகொண்டான். மாமா நோட்டைப் பிரித்து, அடுத்த ஆண்டுக்கான வரியில் ஒரு பகுதியை அவனிடமே முன்பணமாக வாங்கி வரவு வைத்தார்.