மொய் எழுதிய லேப்டாப்

இன்று காலையும் வந்துவிட்டது. காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் திரை நடுவே சிவப்புப் பெட்டி: ‘உங்கள் 30 நாள் இலவசக் காலம் முடிந்தது.’ முடிந்தால் கிளம்ப வேண்டியதுதானே? யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் இப்போதெல்லாம் மொய்யைக் கையால் எழுதினால் கௌரவக் குறைச்சல். கம்ப்யூட்டரில் தட்டி, ரசீது அடித்துக் கையில் கொடுக்க வேண்டும். ஆள் வைத்தால் காசு. “மாமா, ஒங்க லேப்டாப்பக் குடுங்க, ஓசி சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு” என்றான் மருமகன். தாய்மாமன் மறுக்க முடியுமா? விழா முடிந்தது, பந்தி முடிந்தது, பந்தல்காரர்கூடக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். சாப்ட்வேர் மட்டும் இலையை மடிக்கவில்லை.

அதை முழுசாகக் கழற்றுவது எப்படி என்று மூன்றே படிகளில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டாலைத் தட்டினால் போய்விடும் என்று நம்புகிற வயதை நாமெல்லாம் தாண்டிவிட்டோம். பட்டியலில் பேர் இருக்காது, ஆள் உள்ளேதான் இருப்பான். ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று, 1992-ல் விண்டோஸ் 3.1-ஓடு வந்தது. அதற்கு விளக்கம் எதற்கு, அது மொய் நோட்டேதான். எங்கள் அய்யா காலத்து நோட்டு இன்னும் பரணில் கிடக்கிறது. நீளவாக்கு நோட்டு, ஓரத்தில் மஞ்சள் கறை. ஊர் முதலில், பேர் அடுத்து, தொகை கடைசியில். ‘பாலமேடு டீக்கடை, 11 ரூபாய்.’ டீக்கடைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ். அந்தப் 11 அப்படியே இருக்கிறது. திருப்பிச் செய்தாகிவிட்டது என்று குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் பேர் பளிச்சென்று தெரிகிறது. தாளைக் கிழித்துவிடலாமே என்பீர்கள். கிழித்தால் முதுகுப்பக்கம் இருக்கிற கல்லணைக்காரரின் 51 சேர்ந்து போகும். அது இன்னும் வசூலாகாத 51. அம்மா இன்றைக்கும் அந்த நோட்டைப் பிரித்தால், “அந்தப் பதினொண்ணுக்கு நாம செஞ்சது மூக்குத்திக்கா, கல்யாணத்துக்கா?” என்று ஆரம்பித்து, செத்தவர், பிழைத்தவர், திருப்பூருக்குக் குடிபோனவர் எல்லாரையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்துவிடுவார். சோறு வடிக்க மறந்துபோகும். ரெஜிஸ்ட்ரியைத் திறந்தவனுக்கும் இதே கதிதான். போன தேர்தல் சமயத்தில் கழற்றிய பிரிண்டர் அங்கே இன்னும் குடியிருக்கிறது. வாடிவாசலில் அவிழ்த்துவிட்ட காளைகூடக் கடைசியில் வெளியேதான் ஓடும்.

படிக்கு வருவோம். இதற்கென்றே ஓசிக் கருவிகள் உண்டு. ரெவோ முதலில் அந்த சாப்ட்வேரின் சொந்த அன்இன்ஸ்டாலரையே ஓடவிட்டு, பிறகு மிச்சம் மீதியைத் துழாவும். ரெஜிஸ்ட்ரியில் எது கழிவு என்று தடித்த எழுத்தில் காட்டும். கீக் ஒற்றைக் கோப்பு, அதை நிறுவக்கூட வேண்டாம். விவரமானவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்தது மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்றாவது. அது வரும்போதே பேட்டரியைக் காப்பாற்ற ஒரு தம்பியையும், வானிலை சொல்ல ஒரு தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தது. வானிலை! சித்திரை வெயிலில் மதுரைக்காரனுக்கு!

அது துழாவி எடுத்த மிச்சம் 187. மேலே ஒரு கட்டம்: ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு.’ 187 வரியையும் வாசிக்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் இந்த நிலைமைக்கு வருகிறேன்? தட்டிவிட்டேன். சர்ரென்று போனது. அப்படி ஒரு திருப்தி.

ஆப்டேட்டா என்கிற கோப்புறைக்குள் கிடந்த மொய்ப் பட்டியலும் அந்த 187-ல் ஒன்று. 300 பேருக்கு மேல். “நாளைக்குப் பிரிண்ட் போட்டுத் தர்றேன்மா” என்று தங்கச்சியிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பட்டியல். ரீசைக்கிள் பின்னையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன், இல்லை. சிவப்புப் பெட்டி மட்டும் மறுநாள் காலை டாணென்று வந்து நின்றது.

தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. நேற்று சாயங்காலம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கேட்டுக்கடையில் நின்று, போகிற வருகிற சொந்தக்காரர்களிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். பதினாலு பேர் சிக்கினார்கள். பதினாலு பேரும் ஆளுக்கு 2,000 போட்டிருக்கிறார்கள். ரசீதைத்தான் எல்லாரும் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டார்களாம்.