நாலு பைட்டில் ஒரு பெட்டி

கிண்டியில் ஓர் அலுவலகத்துக்குப் புதிதாக ஆறு சுவிட்சுகள் வந்து இறங்கின. சுவிட்சுகளை ஒரே மேசையில் அடுக்கிவிடலாம். அவை வந்த பெட்டிகளுக்குத்தான் இடமில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் முருகேசன் எதையும் எறியாதவர். நெட்வொர்க் இன்ஜினியர் கீர்த்தனா எதையும் கையால் தொடாமலே பிரித்துவைப்பவள்.

“எட்டு டிபார்ட்மென்ட்டுக்கு ஆறு சுவிட்ச்தானாம்மா? மீதி ரெண்டு பேரு?”

“ஆறே அதிகம்ணா. ஒரே சுவிட்சுல எல்லாரையும் தனித்தனியா ஓட்டலாம். அதுதான் வீலேன். அக்கவுன்ட்ஸுக்கு 10, எச்ஆருக்கு 20, கேமராவுக்கு 30னு நம்பர் குடுத்துட்டா போதும். பக்கத்துப் போர்ட்ல இருந்தாலும் ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது.”

முருகேசன் நம்பவில்லை. பிரிப்பது என்றால் நடுவில் ஓர் அட்டையாவது இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

“நடுவுல என்ன வெச்சுத் தடுப்பீங்க?”

“நாலு பைட்.”

உண்மைதான். 1998-இல் வெளியான 802.1க்யூ தரநிலை, அதிகபட்சம் 1518 பைட் நீளமுள்ள ஈதர்நெட் பொட்டலத்தில் நாலே பைட் லேபிள் ஒன்றைச் செருகச் சொன்னது. அதிலும் வீலேன் எண்ணுக்கு ஒதுக்கியது 12 பிட். அதற்குள்ளேயே 4094 தனித்தனி வலைகளை அமைத்துவிடலாம்.

“சரி, அந்த லேபிள் குப்பையை யாரு பொறுக்கறது?”

“கம்ப்யூட்டருக்குப் போற போர்ட்ல சுவிட்சே கழட்டிட்டுத்தான் அனுப்பும்ணா.”

வாங்குபவர் கையில் குப்பையே சேராத பேக்கிங்! இதைக் கண்டுபிடித்த அதே துறை, சுவிட்சை அனுப்பும்போது என்ன செய்கிறது? வெளிப்பெட்டி, உள்பெட்டி, இரண்டு பக்கமும் தெர்மாகோல், பவர் கார்டுக்கு ஒரு பை, ரேக்கில் மாட்டும் காதுகளுக்கு ஒரு பை, திருகுகளுக்கு அந்தப் பைக்குள் இன்னொரு பை. அதைப் பார்த்துக் கீர்த்தனா சிரித்தேவிட்டாள். சுவிட்சை அமைக்க உதவும் கன்சோல் கேபிள் ஆறு. அதைச் செருகப்போவதோ கீர்த்தனா ஒருத்திதான்.

“தெர்மாகோலைத்தான் தடை பண்ணியாச்சேண்ணா?”

“2022 ஜூலை 1-லேர்ந்து அலங்காரத்துக்கு வெச்சாத் தடை. ஸ்வீட் பாக்ஸ், சிகரெட் பாக்கெட் மேல சுத்தற பிளாஸ்டிக் தாளுக்கும் தடை. சுவிட்ச் பெட்டி அந்தப் பட்டியல்லயே இல்ல. கல்யாண மேடையில நின்னா குத்தம், பெட்டிக்குள்ள படுத்திருந்தா சரக்கு.”

“ஐரோப்பாவுல புது விதி வந்திருக்கு. 2030-லேர்ந்து அனுப்பற பெட்டியில பாதிக்கு மேல காலி இடம் இருக்கக் கூடாதாம்.”

“அந்த விதியை எழுதினவங்க, லாரியிலேர்ந்து நம்ம ஆளுங்க பெட்டி இறக்கறதைப் பாத்திருக்க மாட்டாங்க. உடைஞ்ச சுவிட்ச் தெர்மாகோலை விடப் பெரிய குப்பைம்மா.”

இந்த இடத்தில் முருகேசன் சொல்வது சரி. ஆனால் ஆறு கன்சோல் கேபிளுக்கு இந்த வாதம் உதவாது. அவருக்கும் அது தெரியும். எனவே பேச்சை மாற்ற, கீர்த்தனாவின் திட்டத் தாளை எடுத்தார்.

“இதுல 40 நம்பர் இருக்கே?”

“பாதுகாப்புக்குண்ணா. காபி மெஷினுக்குக்கூடத் தனி வீலேன்.”

“ஆபீஸ்ல மொத்தம் அறுபது பேரு.”

ஒவ்வொரு வீலேனுக்கும் தனி ஐபி வரிசை வேண்டும், ரவுட்டரில் ஒரு வாசல் வேண்டும், யார் யாரிடம் போகலாம் என்ற விதி வேண்டும். கீர்த்தனா பதில் சொல்லாமல் இருந்தாள்.

“திருகுக்குப் பைக்குள்ள பைன்னு சிரிச்சியே, காபி மெஷினுக்கு நீ போட்டது என்னவாம்? சரி, இந்த ட்ரங்க்னு போட்டிருக்கியே, இது?”

“சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல இருக்கற ரோடு. எல்லா வீலேனும் அதுல போகும்.”

“எல்லாமேவா? எல்லாத்துக்கும் சீல் வெச்சுட்டு கேட்டைத் திறந்து விட்டிருக்க. லேபிள் இல்லாம ஒண்ணு வந்தா?”

“அது நேட்டிவ் வீலேன்ல விழும். மாத்தாம விட்டா ஒண்ணாம் நம்பர்.”

“யார்துன்னே தெரியாத பார்சலை ஒண்ணாம் நம்பர் ரூம்ல இறக்கறீங்க. என் ஸ்டோர்ல நடக்குமா இது?”

பிணையப் பாதுகாப்புக் கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். அன்று மாலையே கீர்த்தனா நாற்பதை ஏழாக்கினாள். நேட்டிவ் வீலேனை யாரும் பயன்படுத்தாத எண்ணுக்கு மாற்றினாள். ட்ரங்கில் தேவையான எண்களை மட்டும் அனுமதித்தாள். பதிலுக்கு முருகேசனும் இறங்கிவந்தார். அடுத்த ஆர்டரில் சுவிட்சுகள் மொத்தப் பேக்கிங்கில் வர வேண்டும், கேபிளும் கையேடும் பெட்டிக்கு ஒன்றல்ல, ஆர்டருக்கு ஒன்று என்று எழுதச் சம்மதித்தார். ஆர்டரைப் பிரின்ட் கொடுத்தார்கள். பிரின்டர் அசையவில்லை.

“என்னம்மா பண்ணின?”

“விட்டுப்போன ஒரு வீலேனை ட்ரங்க்ல சேர்த்தேன்ணா. கமாண்ட்ல ‘ஆட்’னு ஒரு வார்த்தை போடணும். போடலைன்னா பழைய பட்டியல் மொத்தமும் போயிட்டு, புதுசு மட்டும்தான் நிக்கும். பிரின்டர் வீலேனும் அதோட போயிடுச்சு.”

முருகேசன் ஒரு சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கிழித்தார். உள்பக்கம் சுத்தமாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

“நீ அதைச் சரி பண்ணு. ஆர்டரை நான் இதுலயே எழுதிடறேன். மொதல்ல மாடல் நம்பரைச் சொல்லு.”